குவாங்சோ விமானமும் ஒரு மூடி கஞ்சியும்

1

அல்லாஹ்வின் பெயரால் தொடங்குகிறேன். ஊரில் இருக்கும் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் பிள்ளைகளுக்கும் கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கும் உங்கள் ஆளின் சலாம்.

பள்ளிவாசல் மலருக்கு எழுதித் தாருங்கள் என்று ஒவ்வொரு வருடமும் கேட்பீர்கள். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் என்ன எழுதுவது என்று தட்டிக்கழித்து வந்தேன். இந்த வருடம் எழுதாமல் இருக்க முடியவில்லை. ரப்பு எங்கள் வீட்டுக்கு ஒரு நன்மை செய்திருக்கிறான். அதை நாலு பேரிடம் சொல்லாமல் நாமே வைத்துக்கொண்டால் நன்றி கெட்டதனம்.

தெரியாத இளவட்டங்களுக்காகச் சொல்கிறேன். நான் மாமாவின் பாத்திரக் கடையில் வேலைக்காக அந்தமான் வந்தவன். மாமா மவுத்தான பிறகு கடை என் கைக்கு வந்தது. வீடு போர்ட் பிளேரில், குட்வில் எஸ்டேட் பக்கம். ஊர்ப் பெயரை மாற்றிவிட்டார்கள். எங்கள் வாய் இன்னும் மாறவில்லை. மனைவி ஜொஹரா. நம் ஊர் வடக்குத் தெருப் பெண். ஒரே மகன் யூசுஃப். அவன் சீனாவில் குவாங்சோ என்ற நகரத்தில் இருக்கிறான். பொத்தான், ஜிப், டார்ச் லைட் என்று சாமான் வாங்கி நம் நாட்டுக்கு அனுப்புகிற ஓர் அலுவலகத்தில் வேலை.

கல்கத்தாவிலிருந்து அந்தக் குவாங்சோவுக்கு ஒரு விமானக் கம்பெனி நேராக விமானம் விட்டிருக்கிறது. உங்களுக்கு இது பேப்பரில் ஒரு மூலையில் வந்த செய்தி. எங்கள் வீட்டில் அது அடுப்படி வரைக்கும் வந்தது.

2

யூசுஃபுக்கு அந்த ஊரிலேயே நிக்காஹ் ஆகி இரண்டு வருடம் ஆகிறது. பெண்ணும் அந்த ஊர்தான். பயந்துவிடாதீர்கள், தலைமுறை தலைமுறையாகக் கலிமா சொன்ன குடும்பம். அவளுடைய அத்தா மாட்டிறைச்சி நூடுல்ஸ் கடை வைத்திருக்கிறார். அவளுக்குச் சீனப் பெயர் ஒன்று உண்டு, அது எனக்கு நாக்கில் வராது. பள்ளிவாசலில் வைத்த பெயர் மர்யம்.

அப்போது இரண்டு நாட்டுக்கும் நடுவில் நேர் விமானம் கிடையாது. போவதென்றால் நடுவில் வேறு நாட்டில் இறங்கி, மாறி, ஏறி, எங்கேயாவது தொலைந்து போய்விடுவோம் என்று ஜொஹரா பாஸ்போர்ட்டே எடுக்கவில்லை. நிக்காஹைப் போனில்தான் பார்த்தோம். இமாம் குத்பா ஓதியது நன்றாகக் கேட்டது. துஆவுக்குக் கையேந்தும்போது படம் அப்படியே நின்றுவிட்டது. நான் நின்ற படத்தைப் பார்த்து ஆமீன் சொன்னேன். ஜொஹரா எழுந்து போய்விட்டாள்.

அவளுடைய வருத்தம் பெண் சீனாக்காரி என்பதில் இல்லை. நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளையின் அம்மாதான் மணப்பெண் கழுத்தில் கருகமணி கட்ட வேண்டும். ஜொஹராவுக்கு என் அம்மா கட்டினார்கள். அதே கருகமணியை எண்ணெய் துடைத்து, பஞ்சில் சுற்றி, யூசுஃப் பிறந்த நாளிலிருந்து பீரோவில் வைத்திருந்தாள். அது பீரோவிலேயே இருந்துவிட்டது.

"நான் கட்டாம ஒரு நிக்காஹ் நடந்துச்சுன்னா, அதுல நான் யாரு?" என்று ஒரு தரம் கேட்டாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை. ஆனால் அந்தப் பெண்ணை மருமகள் என்று அவள் சொன்னதே இல்லை. "உங்க மகன் வீட்டு ஆளு நல்லா இருக்கா?" என்பாள். மகன் போன் பண்ணினால் அவனோடு மட்டும் பேசுவாள். மர்யம் கையை நீட்டினால் போன் என் கைக்கு வந்துவிடும். யூசுஃப் கெட்டிக்காரன், புரிந்துகொண்டான். கொஞ்சம் கொஞ்சமாகப் போன் குறைந்தது. ஒரே மகன் இப்படியே தூரமாகப் போய்விடுவானோ என்பதுதான் ஒவ்வொரு தொழுகையிலும் என் துஆவாக இருந்தது.

விமானச் செய்தியைக் கொண்டுவந்தது பக்கத்து வீட்டு மாலதி தீதி. வங்காளிப் பெண்மணி, எங்களுக்கு ரொம்ப நாள் பழக்கம். ஜொஹரா பின்வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஜொஹரா, ஸுன். அப் கல்கத்தா ஸே சீதா சீன். பீச் மே கஹீன் உதர்னா நஹீ."

நடுவில் எங்கும் இறங்க வேண்டாம், ஏறினால் சீனாதான் என்கிறார்.

"அச்சா," என்றாள் ஜொஹரா, மீனை விட்டுத் தலை நிமிராமல்.

"அச்சா க்யா? பேட்டா ஆயேகா, பஹூ ஆயேகி."

மகன் வருவான், மருமகள் வருவாள்.

"பேட்டா ஆயேகா," என்று ஜொஹரா முதல் பாதியை மட்டும் திருப்பிச் சொன்னாள். தீதி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

3

லீவு கிடைத்திருக்கிறது, இருவரும் வருகிறோம் என்று யூசுஃப் சொன்னதும் நான் வெளிநாட்டுக்காரருக்கு அனுமதி தருகிற அலுவலகத்துக்கு ஓடினேன். எல்லைத் தீவு இது. வெளிநாட்டுக்காரர் இங்கே கால் வைக்கச் சில விதிகள் உண்டு. அங்கே இருந்த பிள்ளை நம் தீவிலேயே வடக்கே ரங்கத் ஊர்ப் பக்கத்துக்காரன். உட்கார வைத்து, பொறுமையாகக் கேட்டான்.

"சீன் கா பாஸ்போர்ட்? சாச்சா, இஸ்கா பர்மிஷன் டெல்லி ஸே ஆயேகா."

டெல்லியிலிருந்து வர வேண்டும், நாளாகும், இந்த லீவுக்குள் வராது என்று விளக்கினான். எனக்குக் கோபம் வரவில்லை. வீட்டுக்குக் கதவு இருப்பது போல நாட்டுக்கும் இருக்கும். ஆனால் முகம் வாடிவிட்டது போலிருக்கிறது. அந்தப் பிள்ளையே ஒரு வழி சொன்னான்: விமானம் கல்கத்தாவில்தானே இறங்குகிறது, கல்கத்தா நம்ம ஊர்தானே, நீங்களே அங்கே போய்விடுங்களேன் சாச்சா.

இவ்வளவு எளிய யோசனை எனக்குத் தோன்றவில்லை பாருங்கள். அவனுக்கு நான் இன்றும் துஆ செய்கிறேன்.

உலகப் படத்தில் எங்கள் தீவு கிழக்கே தள்ளிக் கிடக்கிறது. சீனா அதற்கும் கிழக்கே. ஆனால் கிழக்கே இருக்கிற மகனைப் பார்க்க நாங்கள் வடக்கே போக வேண்டும். அவன் மேற்கே வர வேண்டும். அன்று அஸர் தொழுகையில் நிற்கும்போது ஒன்று தோன்றியது. நீங்கள் ஊரில் மேற்கே பார்த்து நிற்கிறீர்கள். உங்களுக்குப் பின்னால் கடலைத் தாண்டி நாங்கள் மேற்கே பார்த்து நிற்கிறோம். எங்களுக்கும் பின்னால் யூசுஃப் மேற்கே பார்த்து நிற்கிறான். ஸஃப்பு வரிசைகளுக்கு நடுவில் இடைவெளி கொஞ்சம் கூடிப்போய்விட்டது, அவ்வளவுதான். ஜமாஅத் ஒன்றுதான். இதை ஜொஹராவிடம் சொன்னேன்.

"அந்தப் பின் ஸஃப்புலதான் உங்க மகன் போனை எடுக்காம நிக்கிறான்," என்றாள்.

4

இந்த இடத்தில் தீவு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் ஊரில் இது கிடையாது.

இங்கே மெயின்லேண்டிலிருந்து வருகிறவர்கள் முன்பெல்லாம் கப்பலில்தான் வருவார்கள். கடலில் நாலு நாள் ஆடிவிட்டு இறங்குகிறவனுக்குத் தரையும் ஆடும். அதனால் துறைக்குக் கூப்பிடப் போகிறவர்கள் கையில் உப்பு தடவிய எலுமிச்சம்பழமும் ஒரு தூக்குக் கஞ்சியும் இருக்கும். இறங்கியவுடன் முகர எலுமிச்சை, பிறகு கஞ்சி. அன்று முழுக்க அவரிடம் ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது. கல்யாணம் நின்றதா, பாகம் பிரிந்ததா, யார் மவுத், எதுவும் மறுநாள்தான். ஆடுகிற ஆளிடம் கணக்குக் கேட்கக் கூடாது என்பார் என் மாமா. நான் வந்து இறங்கிய அன்று அவரும் அப்படித்தான் செய்தார். என் அம்மா எப்படி இருக்கிறார் என்று தன் அக்காவைப் பற்றிக் கேட்க அவருக்கு எவ்வளவு ஆசை இருந்திருக்கும். கேட்கவில்லை. கஞ்சியை ஆற்றிக் கொடுத்தார்.

ஜொஹரா கல்யாணமாகி வந்தபோது என் பக்கத்தில் பெண்கள் யாரும் இல்லை. ஹாடோ துறையில் சுருண்டு உட்கார்ந்துவிட்டாள். தமிழ் தவிர ஒரு வார்த்தை தெரியாது. அன்று அவளுக்குக் கஞ்சி கொண்டுவந்தவர் மாலதி தீதி. குழைந்த சோறும் கொஞ்சம் உப்பும். பெயர் கேட்கவில்லை, ஜாதி மதம் கேட்கவில்லை. வாயைத் துடைத்துவிட்டு, முந்தானையால் விசிறினார். அப்போதிருந்து ஜொஹரா தெரிந்தவர், தெரியாதவர் என்று எத்தனையோ பேருக்குத் துறையில் கஞ்சி கொடுத்திருக்கிறாள். அது அவள் கைக்குப் பழகிப்போய்விட்டது.

5

கல்கத்தாவுக்கு நாங்கள் கப்பலில் போனோம். விமானத்தில் போகலாமே என்றேன்.

"உங்க மகனுக்குக் கருவாடு யாரு கொண்டு போறது? தேங்கா? ஊறுகா? ப்ளேன்ல குண்டூசியைக் கூடப் புடுங்குறாங்களாம்."

"மகனுக்கு மட்டும்தானா இவ்வளவும்?"

"அவன் யாருக்குக் குடுத்தா எனக்கென்ன," என்றாள்.

கருகமணியை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். காதில் விழாத மாதிரி மூட்டையைக் கட்டினாள்.

தம்தமில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில், மாலதி தீதியின் தங்கை வீடு. சொந்த வீடு போல இடம் தந்தார்கள். அவர்கள் சமையல் கட்டில் ஒரு மூலையையும் ஒரு அடுப்பையும் எங்களுக்கென்று ஒழித்தே கொடுத்தார்கள். அல்லாஹ் அவர்களுக்குப் பரக்கத் செய்வானாக.

விமானம் காலையில். சுபுஹு தொழுதுவிட்டுப் பார்க்கிறேன், ஜொஹரா அடுப்பில் கஞ்சி கிண்டிக்கொண்டிருக்கிறாள். நம் நோன்புக் கஞ்சி மாதிரிதான், கறி இல்லாமல். நொய், பூண்டு, வெந்தயம், மிளகு, தேங்காய்ப்பால்.

"நாலு மணி நேர விமானம். அதுல எவனுக்கும் தலை சுத்தாது," என்றேன்.

"தூரத்துல இருந்து வர்றான். வெறுங்கையோட போய் நிக்கவா?"

பெரிய பிளாஸ்க் நிறைய ஊற்றினாள். ஒருவனுக்கு அது ரொம்ப அதிகம்.

விமான நிலையத்தில் அவள் கூட்டத்தோடு கம்பி ஓரத்தில் நிற்க மாட்டேன் என்றாள். தூரத்தில், தூண் ஓரமாகப் போய் நின்றுகொண்டாள். துறையில் நின்று பழகியவர்கள் அப்படித்தான். கப்பல் பெரியது. தள்ளி நின்றால்தான் மேல்தட்டில் நம் ஆள் எங்கே கையசைக்கிறார் என்று தெரியும். கப்பல் மெதுவாக அணையும், பார்த்துக்கொண்டே இருக்கலாம், அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொள்ளக்கூட நேரம் இருக்கும். இங்கே அப்படி இல்லை. ஒரு கண்ணாடிக் கதவு திறக்கிறது, ஆள் வந்துவிடுகிறார்.

யூசுஃப் வந்துவிட்டான். கொஞ்சம் சதை போட்டிருந்தான். என்னைக் கட்டிப் பிடித்தவன் உடனே திரும்பிப் பார்த்தான். பின்னால் மர்யம் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெள்ளைத் தலைத்துணி. முகம் அதைவிட வெள்ளை. கையில் ஒரு காகிதப் பை, அதை வாயருகே வைத்திருந்தாள்.

"மேல ரொம்ப ஆட்டம் அத்தா. பாதி வழி இவளுக்கு வாந்தி."

அவள் எனக்குச் சலாம் சொல்ல வாயைத் திறந்தாள், முடியாமல் மூடிக்கொண்டாள்.

நான் ஜொஹராவைக் கூப்பிடத் திரும்பினேன். கூப்பிட வேண்டியிருக்கவில்லை. "ஹட்டோ, ஹட்டோ," என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்துகொண்டிருந்தாள். மகனைப் பார்க்கவே இல்லை. அந்தப் பெண்ணின் தோளை அழுத்திப் பெட்டி மேலேயே உட்கார வைத்தாள். எலுமிச்சையை நகத்தால் கீறி மூக்கருகே பிடித்தாள். கண்ணைத் துடைத்தாள். பிளாஸ்க் மூடியில் கஞ்சியை ஊற்றி, ஊதி, உதட்டருகே கொண்டுபோனாள்.

அவள் மன்னித்துவிட்டாள் என்று நான் சொல்லவில்லை. அவள் ஒன்றும் முடிவு செய்யவில்லை. இரண்டு வருடக் கோபத்தைவிட அவள் கை முந்திக்கொண்டது, அவ்வளவுதான். அப்படி ஒரு கையைக் கொடுத்ததற்குத்தான் நான் ரப்புக்கு நன்றி சொல்கிறேன்.

மர்யம் ஒரு வாய் குடித்தாள். நிமிர்ந்து பார்த்தாள். மூடியை இரண்டு கையாலும் வாங்கி மிச்சத்தைக் குடித்துவிட்டு, காலி மூடியைத் திரும்ப நீட்டினாள். பிறகு யூசுஃபிடம் என்னமோ சொன்னாள். அவன் சிரித்தான்.

"என்னடா?" என்றாள் ஜொஹரா.

"அவ ஊர்ல தெனம் காலையில இதுதாம்மா. இதுல இஞ்சி போடலையான்னு கேக்குறா."

ஜொஹரா மூடியில் மறுபடி ஊற்றினாள்.

"கொற சொல்ற அளவுக்குத் தெம்பு வந்துருச்சுல்ல. நல்லது. குடிக்கச் சொல்லு."

6

நாலு நாள் தம்தமில் ஒன்றாக இருந்தோம்.

யூசுஃப் அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்திருக்கிறான். முதல் நாள் சாயங்காலம் மர்யம் தெளிந்து எழுந்து வந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, பாடம் ஒப்பிக்கிற மாதிரி கேட்டாள்: "மாமி, கானா சாப்டீங்களா? தோடா பைட்டுங்க." சாப்பிட்டீர்களா, கொஞ்சம் உட்காருங்கள் என்கிறாள், பாதி இந்தியில்.

ஜொஹரா மகனைப் பார்த்தாள். "ஏண்டா, இதாடா நீ சொல்லிக் குடுத்த தமிழு?"

"நம்ம வீட்டுத் தமிழ்தாம்மா. வேற எது எனக்குத் தெரியும்?"

ஜொஹரா என் பக்கம் திரும்பினாள். நான் ஊருக்கு வரும்போது என் பேச்சில் பாதி இந்தி என்று நீங்களே கேலி செய்திருக்கிறீர்கள். என் வாயில் கொஞ்சம் கழன்றது, அவன் வாயில் இன்னும் கொஞ்சம். இப்போது அந்த அரைகுறைத் தமிழ் ஒரு சீனப் பெண் வாயில் போய் உட்கார்ந்திருக்கிறது. வருத்தப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அவள் "மாமி" என்று சொன்னதில் ஒரு குறையும் இல்லை.

மறுநாள் காலை கஞ்சியில் இஞ்சி கிடந்தது, முடி மாதிரி மெல்லிசாக நறுக்கி. ஜொஹரா குளிக்கப் போன நேரத்தில் மர்யம் போட்டுவிட்டாள். ஜொஹரா ஒரு கரண்டி வாயில் வைத்தாள். எல்லோரும் அவளையே பார்த்தோம். இரண்டாம் தரம் ஊற்றிக்கொண்டாள்.

இருவரும் அறைக்குள் சேர்ந்து தொழுதார்கள். தொழுத பிறகு ஓத உட்கார்ந்தார்கள். மர்யம் ஓதுகிற ராகமே வேறு, ஆனால் வரி அதே வரி. அவள் ஓரிடத்தில் தடுக்கியபோது ஜொஹரா எடுத்துக்கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் ஜொஹரா தடுக்கினாள், மர்யம் எடுத்துக்கொடுத்தாள். வெளியே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

ஆனால் யூசுஃபுக்கு வேண்டியிருந்தது. கடைசி நாள் டீக்கடைக்குக் கூட்டிப்போனான்.

"அத்தா, அம்மா இவளுக்குத் துணி மடிச்சு வைக்கிறாங்க, தலைக்கு எண்ணெ தேய்க்கிறாங்க. எல்லாம் சரி. ஆனா இன்னும் ஒரு தடவ கூடக் கூப்பிடல. பேரச் சொல்லிக்கூட. 'ஏ புள்ள'ன்னுகூட இல்ல. இவ ஒவ்வொரு நாளும் எங்கிட்ட கேக்குறா, உங்க அம்மா என்னை என்னன்னு கூப்பிடுவாங்கன்னு."

"கருகமணி பத்திக் கேட்டியா?"

"கேட்டேன். பீரோவுல இருக்குன்னாங்க. அதோட முடிஞ்சுது."

டீ ஆறிக்கொண்டிருந்தது.

"எறங்குன ஆளுகிட்ட அன்னைக்கே கேள்வி கேக்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியுமில்ல. அம்மா இன்னும் வந்துக்கிட்டு இருக்காப்பா. அவளுக்கு இது ரெண்டு வருசத் தூரம். பொறு," என்றேன்.

அவன் தலையாட்டினான். நம்பினானா என்று தெரியவில்லை. எனக்கே பாதி நம்பிக்கைதான். மறுபடி இவர்களை எப்போது பார்ப்போம் என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம். இப்படியே திரும்பிப் போனால் போன் இன்னும் குறையும்.

7

மஃரிப் தொழுதுவிட்டு அவர்களை விமான நிலையத்தில் விட்டோம். மர்யம் குனிந்து ஜொஹராவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஜொஹரா அவள் கையில் மிச்ச எலுமிச்சம்பழத்தை வைத்து மூடினாள். வாய் திறக்கவில்லை. கதவு அவர்களை உள்ளே வாங்கிக்கொண்டது.

ஹாடோ துறையில் வழியனுப்பப் போனால் கப்பல் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் யாரும் திரும்புவதில்லை. ஜொஹரா நகரவே மாட்டேன் என்றாள்.

"இங்க நின்னா ஒண்ணும் தெரியாதும்மா. செவுருதான்," என்றேன்.

"போனாங்களா இல்லையான்னு பாக்காம எப்படிப் போறது?"

தீதியின் தங்கை வீட்டு மொட்டை மாடியிலிருந்து விமானங்கள் தெரியும் என்று சொல்லித்தான் ஆட்டோவில் ஏற்றினேன். பாலம் இறங்கும்போது ஜொஹரா கேட்டாள்:

"ஏங்க, அந்தச் சீனா விமானத்துல கருகமணி கொண்டு போனா விடுவாங்களா?"

"பாசிமணிதானே. விடாம என்ன?"

"நடுவுல எங்கயும் எறங்க வேணாம்ல?"

"வேணாம். ஏறுனா அங்கதான்."

அப்புறம் வீடு வரைக்கும் என் உள்ளுக்குள் அல்ஹம்துலில்லாஹ் ஓடிக்கொண்டே இருந்தது.

இஷாவை முடித்துவிட்டு மாடி ஏறினோம். ஒன்றன்பின் ஒன்றாக விமானங்கள் தலைக்கு மேல் ஏறிப் போய்க்கொண்டிருந்தன. எல்லாம் ஒரே மாதிரி விளக்கு, ஒரே மாதிரி சத்தம்.

"இதுல எது?"

"எனக்கெப்படித் தெரியும்?"

முதலில் வந்ததற்குக் கையேந்தி துஆ செய்தாள். முகத்தில் தடவி முடிப்பதற்குள் அடுத்தது வந்தது. அதற்கும் கையேந்தினாள். மூன்றாவது எங்கள் தலைக்கு மேலேயே மேற்குப் பக்கம் வளைந்தது.

"அது பம்பாய் போறதா இருக்கும் ஜொஹரா. சீனா அந்தப் பக்கம்."

"இருக்கட்டும். எதுல என் மருமக இருக்கான்னு உங்களுக்குத் தெரியுமா? தெரியாதுல்ல. பேசாம கையை ஏந்துங்க."

ஏந்தினேன். அடுத்த விமானம் வந்துகொண்டிருந்தது.